கம்பி மாறிய கண்

பீர்மேடு
1986 ஜூலை 12

அன்புள்ள ஏலிக்குட்டி சேச்சிக்கு,

சூசம்மா எழுதுவது. முதலில் ஒரு நல்ல செய்தி. எனக்கு ‘ப’ சொல்ல வருகிறது. ஜீப் கவிழ்ந்த நாளிலிருந்து ‘பீர்மேடு எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. உதடு இரண்டு பக்கமும் மூடினால்தானே ‘ப’ பிறக்கும்? அதனால்தான் என்னை டெலிபோன் போர்டிலிருந்து எழுப்பி, பில் அடுக்கும் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் காதில் ஹெட்போன் மாட்டினேன். முதல் அழைப்பே எஸ்டேட் மானேஜருடையது. “யாரு, புது ஆளா?” என்றார். “இல்ல சார், பழைய ஆளுதான். வாய் மட்டும் புதுசு” என்றேன்.

இடது கண்ணும் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. பிளாஸ்திரி ஒட்டாமல் தூங்குகிறேன். கன்னம் இன்னும் கொஞ்சம் தொங்கல்தான். ஆனாலும் தெருவில் போனால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் கேட்க வந்தது லிஜியைப் பற்றி. அந்த விபத்தில் உங்கள் தம்பி தொம்மிச்சன் போய், நான் மண்டை எலும்பு விரிசல் விட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் மகளை நீங்கள் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன். இப்போது எனக்கு வேலை இருக்கிறது, குவார்ட்டர்ஸ் இருக்கிறது, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெத்தவள் எழுந்து நடமாடும்போது பிள்ளை இன்னொரு வீட்டில் எதற்கு? இந்த மாதக் கடைசி ஞாயிறு புளிங்குன்னுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுடைய துணிமணிகளை மட்டும் துவைத்து வையுங்கள்.

சூசம்மா


புளிங்குன்னு
1986 ஜூலை 20

ஈசோவுக்கு ஸ்துதி.

சூசிக்கு ஏலிக்குட்டி எழுதுவது. உனக்கு ‘ப’ வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். “அவளுக்கு வாய் இல்லாம இருந்தப்ப நாடு கொஞ்சம் அமைதியா இருந்துச்சு” என்று ஔசேப்பச்சன் சொன்னார். என் கணவர் சொன்னதை எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தாலும் வெறுங்கையோடுதான் போவாய். ஈஸ்டருக்கு நீ வந்தபோது என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இல்லையா? பிள்ளை நெல் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “பாதி அம்மச்சி வந்திருக்கு, நான் வரமாட்டேன்” என்று அலறினாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கத்தில் உளறினாள், நான்தான் மடியில் போட்டுத் தட்டினேன். இப்போது பெத்த தாயைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அம்மச்சி என்கிறாள். உன்னைச் சூசியம்மா என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு அம்மச்சி இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது. என் தம்பியின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாப் பெண்களும் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியோடு தூக்கிவந்து தலைமாட்டில் வைத்திருந்தோம். நீ சிரிக்கிறாய். வலது பக்க உதடு காது வரை போயிருக்கிறது. பெட்டிக்குள் புருஷன், பக்கத்தில் சிரிக்கிற பெண்டாட்டி. வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

பிள்ளை இங்கே சுகமாக இருக்கிறாள். ஜெபத்தில் உன்னையும் சேர்த்துக்கொள்கிறோம்.

ஏலிக்குட்டி


பீர்மேடு
1986 ஆகஸ்டு 2

சேச்சிக்கு,

அந்தப் போட்டோவை இறக்கி, என் முகத்தின் வலது பாதியை ஒரு காகிதத்தால் மறைத்துப் பாருங்கள். தொம்மிச்சனைப் போலவே நானும் செத்துக் கிடப்பது தெரியும். பிறகு இடது பாதியை மறைத்துப் பாருங்கள். ஒரு பொம்பளை வாய்விட்டு அழுவது தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் அது சிரிப்பு. இடது பக்கம் இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் வலது பக்கம் தனியாக இழுத்தது. நான் அழுதேன் சேச்சி. ஊசி மயக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு கேபிள் இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கில் கம்பி. சிரிக்க, கண் மூட, எச்சில் ஊற, கண்ணீர் வர, எல்லாம் அதற்குள்தான். என் கேபிள் அறுந்துபோனது. அறுந்த நரம்பு மறுபடியும் வளரும், ஆனால் நெல் முளைப்பதைவிட மெதுவாக வளரும் என்கிறார் கோட்டயத்து டாக்டர். அதுவரை கம்பி இல்லாத தசை சும்மா இருக்காதாம். மெலிந்துபோகுமாம், தானாகத் துடிக்குமாம், யார் வருவார் என்று காத்திருக்குமாம். எந்தக் கம்பி முதலில் வந்து தொட்டாலும் பிடித்துக்கொள்ளுமாம். யாருடைய கம்பி என்று கேட்காதாம். ரொம்ப நாள் ஒருவரும் வராவிட்டால் நாராக இறுகிவிடுமாம். அப்புறம் சரியான கம்பியே வந்து வாசலில் நின்றாலும் கதவைத் திறக்க உள்ளே ஆளிருக்காது.

“எவ்வளவு நாள் டாக்டர்?” என்று கேட்டேன். “ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அதுக்கு மேல போனா கஷ்டம்மா” என்றார். நான் கன்னத்தை நினைத்துக் கேட்கவில்லை.

லிஜி என் மகள். என்னைப் பார்த்து அவள் பயந்தால், பயம் தெளிகிற வரை பார்க்கட்டும். பார்க்காமல் எப்படித் தெளியும்? நவம்பரில் தொம்மிச்சன் இறந்த வருஷ நாள், ஆண்டுச் சாத்தத்துக்கு வருகிறேன். அன்றைக்கு இந்தப் பேச்சை முடித்துவிடுவோம்.

சூசம்மா


புளிங்குன்னு
1986 நவம்பர் 27

ஈசோவுக்கு ஸ்துதி. மாதாவுக்கும் ஸ்துதி.

என் சூசிக்கு,

நீ போனதிலிருந்து என் நெஞ்சு ஆறவில்லை. ஒரு வருஷமாக உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் பேசாத பேச்சு இல்லை. கடவுள் என் வாயை அடைத்துவிட்டார்.

சாத்தச் சோற்றுக்கு உட்கார்ந்தோமே, எனக்கு எதிரில் நீ, அந்தப் பக்கம் சர்ச்சில் பூசை முடித்து வந்த அச்சன். நீ முதல் பிடி சோற்றை வாத்துக் கறியில் பிசைந்து வாயில் வைத்தாய். அந்த நொடியில் உன் இடது கண்ணிலிருந்து கண்ணீர் இறங்கியது. சொட்டு இல்லை, ஒழுகல். நீ துடைக்கவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய். சாப்பிடச் சாப்பிட வந்துகொண்டே இருந்தது. அச்சன் கையை உதறிவிட்டு உன்னையே பார்த்தார். “பாவம், புருஷனுக்குப் புடிச்ச கறியாச்சே, எறங்க மாட்டேங்குது” என்று பக்கத்து வீட்டுக் குஞ்ஞன்னம்மா விம்மினாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து வந்து உன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். “எடி, அழாதே. உன் மோளை நீ கூட்டிக்கிட்டுப் போ” என்று அச்சன் முன்னால் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வா. புது உடுப்பு தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம். அந்தக் கண்ணீர் குற்றம் உறுத்துகிற பச்சாதாபக் கண்ணீர் என்று எனக்குத் தெரியும், நானும் பொம்பளைதானே. ஜீப்பில் வரும்போது நீ என் தம்பியோடு சண்டை போட்டுக் கத்தியதைப் பின்னால் வந்த லாரிக்காரன் கேட்டிருக்கிறான். அந்தக் கத்தலில்தான் என் தம்பியின் கை தடுமாறியது. நீ போலீசிடம் அவன் குடித்திருந்தான் என்று சொல்லிவிட்டாய். செத்தவன் வந்து இல்லை என்று சொல்ல முடியுமா? இத்தனை அழுதவளுக்கு இதை ஒப்புக்கொள்ள என்ன கஷ்டம்? எனக்கு இரண்டு வரி எழுது. அச்சனிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடு. பிறகு சுத்தமான கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ.

உன் ஏலிக்குட்டி சேச்சி


பீர்மேடு
1986 டிசம்பர் 3

சேச்சிக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு வரி இதோ. நான் ஜீப்பில் கத்தினேன். ‘பிரேக், பிரேக்’ என்று கத்தினேன்.

குட்டிக்கானம் ஷாப்பில் உங்கள் தம்பி கள்ளும் குடித்தார், அதற்கு மேல் சாராயமும் குடித்தார். “இன்னைக்கு இங்கயே தங்கிடலாம்” என்று சொன்னேன். “போடி, கண்ணைக் கட்டிட்டு ஓட்டுவேன்” என்றார். கட்டாமலே ஓட்ட முடியவில்லை. பச்சாதாபப்பட வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார். அவருக்கும் சேர்த்து நான் பட முடியாது.

இனி அந்தக் கண்ணீர். சேச்சி, அது தொம்மிச்சனுக்கு வந்ததில்லை. உங்கள் வாத்துக் கறிக்கு வந்தது.

செப்டம்பரிலிருந்து இப்படித்தான். நரம்பு வளர்ந்தது, ஆனால் வழி மாறி வளர்ந்துவிட்டது. கேபிள் அறுந்தால் எங்கள் லைன்மேன் நிறம் பார்த்துச் சேர்ப்பான், சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். மண்டைக்குள் நிறம் பார்க்க ஆளில்லை. எச்சிலுக்குப் போக வேண்டிய கம்பி கண்ணீருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாக்கில் ருசி பட்டால் இடது கண் ஒழுகும். கப்பைக் கிழங்கு தின்றாலும் ஒழுகும். கல்யாணப் பந்தியாக இருந்தாலும் ஒழுகியிருக்கும். வாயை விரித்துச் சிரித்தால் அதே கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணடிக்கிறாள் என்று தபால்காரன் ஒருநாள் நின்று சிரித்துவிட்டுப் போனான்.

பந்தியிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு “மோளைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றீர்கள். என் வாய் மூடிக்கொண்டது. எந்தத் தாய்க்கும் மூடும். வீடு வந்தபின் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணீரை வைத்து என்னைக் கொலைகாரி ஆக்கப் பார்க்கிறீர்கள், அதற்குமேல் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. தொம்மிச்சனுக்காக நான் அழுதிருக்கிறேன். போட்டோ எடுக்க அங்கே ஆள் இல்லை.

அச்சன் முன்னால் கொடுத்த வாக்கு இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழிந்து வருகிறேன்.

சூசம்மா


புளிங்குன்னு
1986 டிசம்பர் 15

சூசம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஔசேப்பச்சனுக்குப் படித்துக் காட்டினேன், அச்சனுக்கும் படித்துக் காட்டினேன். “விசித்திரமான சீக்குதான்” என்றார் அச்சன். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சோற்றிலிருந்து கையை உதறிய மனுஷன் அவர். அவருக்கும் வெட்கமாக இருக்காதா?

நான் வாக்குக் கொடுத்தது கண்ணீருக்கு. எச்சிலுக்கு இல்லை.

என் தம்பி செத்த ஆண்டு நாளில், அவன் கல்லறையில் வைத்த மெழுகுவர்த்தி அணையும் முன்னே, என் வீட்டு வாத்துக்கு நாக்கில் ஊறிய தண்ணீரைக் கண் வழியாக விட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தாய். போனால் போகட்டும், பொய்யையாவது ஒழுங்காகக் காப்பாற்றினாயா? அதற்கும் உன் வாய் விடவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது உன்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

டாக்டர் சொன்னதாக நீயே ஆகஸ்டில் எழுதியிருக்கிறாய், கடிதம் என் கையில் இருக்கிறது. கம்பி இல்லாத தசை காத்திருக்கும், முதலில் வந்து தொட்டதைப் பிடித்துக்கொள்ளும், யாருடையது என்று கேட்காது. ரொம்பச் சரி. நான் முதலில் வந்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். நீ வந்து வாசலில் நிற்கிறாய், உள்ளே ஆளில்லை. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? உன் டாக்டரிடம் போய்க் கேள்.

ஆனாலும் ஊர் என்னைக் கொடுமைக்காரி என்று சொல்ல நான் விடமாட்டேன். பிப்ரவரி முதல் ஞாயிறு வா. மதியம் எங்களோடு சாப்பிடு. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையிடமே கேட்போம். “சூசியம்மாவோட போறியா?” என்று நான் கேட்கிறேன், நீயும் கேள். போகிறேன் என்றால் நீ திரும்பிப் போகிற படகிலேயே ஏற்றிவிடுகிறேன். மாட்டேன் என்றால் இனி இந்தப் பேச்சை நீ எடுக்கக் கூடாது. சம்மதமா?

வாத்துக் கறிதான் வைக்கப் போகிறேன். உனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது.

ஏலிக்குட்டி


பீர்மேடு
1987 ஜனவரி 10

சேச்சிக்கு,

சம்மதம். வருகிறேன்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். உதட்டைக் கொஞ்சமாக விரித்தால் கண் மூடுவதில்லை. அந்த அளவுக்கு மட்டும் சிரித்தால் முகம் ஏறக்குறைய பழைய முகம்தான். இனி அவள் பயப்பட மாட்டாள். அவளுக்கு மஞ்சள் நிறம் இன்னமும் பிடிக்குமா? அதை மட்டும் எழுதுங்கள்.

சூசம்மா


பீர்மேடு
1987 பிப்ரவரி 9

ஏலிக்குட்டி சேச்சிக்கு,

சொன்ன சொல் சொன்னதுதான். லிஜி உங்களோடு இருக்கட்டும். நான் இனி கேட்க மாட்டேன்.

மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நான் பழகிவைத்த சிரிப்பைச் சிரித்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, “இப்ப முழு அம்மச்சி ஆயிட்டே” என்றாள். உங்கள் முகம் மாறியதை நானும் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் அவள் வருகிறேன் என்றிருப்பாள். அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் “மொதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு” என்றீர்கள்.

இலை போட்டதும், மாங்காய் ஊறுகாயை நீங்களே எடுத்துக்கொண்டு வந்தீர்கள். “மோளே, இங்க பாரு, ஒரு மேஜிக் காட்டுறேன்” என்றீர்கள். “சூசி, வாயைத் தொற.” நாத்தனார் பாசமாக ஊட்டுகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பேன்? திறந்தேன். கண் ஒழுகியது. லிஜி முதலில் பயந்துதான் போனாள். “ஏன் அழுறே?” என்று என் தோளைப் பிடித்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, “அது அழுகை இல்லடி. வாயில போட்டா கண்ணுல வரும். சூசியம்மாவுக்குக் கொழாய் மாத்தி வச்சிருக்கு. நீயும் போட்டுப் பாரு” என்றீர்கள்.

அவள் ஒரு துண்டு வாத்துக் கறியை எடுத்து என் வாயில் வைத்தாள்.

உங்கள் மேல் எல்லாப் பழியையும் போட மாட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒன்றேகால் வருஷத்தில் என் மகள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். அந்த விரல் என் உதட்டில் பட்டது. அதனால் நானே திறந்தேன். அவள் சோறு வைத்தாள், அப்பளம் வைத்தாள், வாழைப்பழம் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணைக் கிட்டத்தில் வந்து பார்த்துக் கைதட்டினாள். “ஊறுகாய்க்கு நெறைய வருது, பழத்துக்குக் கொஞ்சம்தான் வருது” என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஔசேப்பச்சன் புரையேறச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபோது கண் மூடிக்கொண்டது, அதற்கும் கைதட்டினாள். வயிறு முட்டிய பிறகும் தின்றேன்.

அப்புறம் கேட்டீர்கள். அவள் யோசிக்கக்கூட இல்லை. “நான் போகல. சூசியம்மா நாளைக்கும் வந்து அழட்டும்.”

நீங்கள் ஜெயித்தீர்கள். பாத்திரம் ஒதுக்க உள்ளே போய்விட்டீர்கள், படகுக் கடவுக்கு வரவில்லை. அதனால் படகு வருவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஔசேப்பச்சன் தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

லிஜி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகின் மணி கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது கண்ணில் மட்டும் இல்லை, இரண்டு கண்ணிலும் வந்தது. முட்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். தொண்டையிலிருந்து சத்தமும் வந்தது. அவள் என்னைத் தள்ளி நிறுத்தி, முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ரெண்டு கண்ணுலயும் வருது!” என்றாள். “என்ன தின்னுறே?”

“ஒண்ணும் இல்ல மோளே.”

“பொய். வாயைத் தொற, பாக்கட்டும்.”

திறந்து காட்டினேன். அவள் எட்டி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.

“முழுங்கிட்டே” என்றாள் கோபமாக. “எனக்குத் தராம முழுங்கிட்டே.”

சூசம்மா